மலையேற்றத்துக்குச் சாதா பெட்ரோல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு அடிக்கடி காரில் செல்பவன் நான். மலையேற ஆக்டேன் எண் கூடிய, விலையும் கூடிய பெட்ரோல்தான் நல்லது என்று ஒரு பங்க்கில் சொன்னதை நம்பிப் பல மாதங்கள் வீணாகச் செலவழித்தேன். ஆக்டேன் எண் எரிபொருளின் சக்தியைக் குறிப்பதன்று. சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் கூடும்போது, ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி முடிப்பதற்குள் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் திறனையே அது காட்டுகிறது. நம் நாட்டின் எரிபொருள், வாகனப் புகைத் தரமான பாரத் ஸ்டேஜ் 6-இன்படி சாதாரண பெட்ரோலுக்கே குறைந்தது 91 ஆக்டேன் உண்டு. எத்தனால் கலப்பு அதை மேலும் கூட்டுகிறது. அழுத்த விகிதம் கூடிய, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையை அதிகமாக அழுத்திச் சுருக்கும், சில இன்ஜின்களுக்கே அதற்கு மேல் தேவைப்படும். கார் கையேட்டில் அது எழுதியிருக்கும் (நான் அதைப் பிரித்ததே போன மாதம்தான்). பெட்ரோல் அப்படித் தானாகப் பற்றி, ஏற்றத்தில் இன்ஜின் ‘டக் டக்’ என்று தட்டினால் முதலில் கியரைக் குறைத்துப் பார்க்கலாம். அப்போதும் நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், செங்கோட்டை