இதயத் தொழில்நுட்பம் படிக்கும் முன் கேத் லேபைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூவுக்குப் பின் என்ன படிக்கலாம் என்று நீங்கள் வெளியிட்ட தொகுப்பில் கார்டியோவாஸ்குலர் டெக்னாலஜிக்கு (இதய, ரத்தக்குழாய்ப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் உதவும் தொழில்நுட்பப் படிப்பு) நாலே வரி கொடுத்திருந்தீர்கள். நீட் வேண்டாம், முடித்ததும் வேலை, வெளிநாட்டில் நல்ல சம்பளம் என்பதோடு விஷயம் முடிந்துவிட்டது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் அதை வாசித்துவிட்டு எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து கேட்டதைப் பார்த்தால், அதில் விட்டுப்போனதுதான் அதிகம் என்று தெரிகிறது. கோவையில் ஒரு மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்தி இதயத்தைப் பார்த்துச் சரிசெய்யும் அறையில், வேலை பார்க்கிறேன். வீடு கேரள-தமிழ்நாடு எல்லையில், வேலந்தாவளம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம். அதனால் எழுதுகிறேன்.

இந்தப் படிப்பு ஒன்றுதான், வேலைகள் பல. ஈசிஜி, டிரெட்மில், ஹோல்ட்டர் (நாள் முழுக்க எடுக்கும் ஈசிஜி), எக்கோ (இதய ஸ்கேன்) என்று உடம்புக்குள் எதையும் செலுத்தாமல் பார்ப்பது ஒரு பக்கம். ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட், பேஸ்மேக்கர் என்று கேத் லேப் இன்னொரு பக்கம். துடிப்பைக் கெடுக்கும் மின்கோளாறு எங்கே என்று தேடிப்பிடித்து அந்த இடத்தைச் சுட்டுச் சரிசெய்யும் ஈ.பி. லேபுக்கு ஆள் கிடைப்பதே அரிது. அறுவை அரங்கில் இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் ஹார்ட் லங் மெஷினை ஓட்டும் பெர்ஃப்யூஷன் தனிப் படிப்பு. உங்கள் தொகுப்பில் அதையும் இதையும் ஒன்றாக்கிவிட்டீர்கள்.

டாக்டர் கேட்கிற வயரையும் பலூனையும் எடுத்துக்கொடுப்பவர்தான் கேத் லேப் டெக்னாலஜிஸ்ட் என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். அதுவும் செய்வோம்தான். ஆனால் எங்கள் கண் இருக்க வேண்டியது மானிட்டரில். இடது பக்கத்து முக்கிய ரத்தக்குழாயின் வாயில் அடைப்பு இருந்தால், கத்தீட்டர் என்கிற மெல்லிய குழாய் அங்கே போய் உட்கார்ந்ததும், அதுவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்த பிரஷர் கோடு சட்டென்று படுத்துவிடும். "டேம்ப் ஆகுது சார்" என்று அந்த நொடியே சொல்லியாக வேண்டும். அதைக் கவனிக்காமல் எக்ஸ்ரேயில் குழாயைக் காட்டும் டை மருந்தைச் செலுத்தினால் குழாயின் உட்சுவர் கிழியலாம், துடிப்பே தாறுமாறாகலாம். டியூபில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் இதே கோடு இதேபோலத்தான் படுக்கும். அழுத்தத்தை அளக்கும் பிரஷர் டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தால் அழுத்தம் ஏழெட்டு புள்ளி கூட்டிக் காட்டும். கையில் பார்க்கும் பிரஷரில் அது பெரிதில்லை. நுரையீரல் குழாயின் அழுத்தத்தை அளக்கும்போது அந்த ஏழெட்டு, சிகிச்சையின் முடிவையே மாற்றிவிடும். இதைக் கவனிக்கும் கண், கேஸ் ஓடும் லேபில் மாதக்கணக்காக நின்றால்தான் வரும்.

ஆகவே கல்லூரி தேடும் பெற்றோர் கட்டடத்தையும் பஸ் வசதியையும் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: கல்லூரியின் சொந்த மருத்துவமனையில் தினமும் ஓடுகிற கேத் லேப் இருக்கிறதா, மாணவர்களை உள்ளே நிற்க விடுகிறார்களா? எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் 'பாராமெடிக்கல் இன்ஸ்டிடியூட்' என்று போர்டு வைத்த ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) பணம் கட்டிப் படித்தான். கேத் லேபைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. கையிலுள்ள சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தோடும் சேராதது. இப்போது ஒரு கிளினிக்கில் ஈசிஜி மட்டும் எடுக்கிறான். புத்திசாலிப் பையன்.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கேரளத்தில் இது பி.சி.வி.டி. பட்டம், டி.சி.வி.டி. டிப்ளமோ, பட்டப்படிப்பு திருச்சூரிலுள்ள கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, விண்ணப்பம் எல்.பி.எஸ். சென்டர் என்கிற அரசு அமைப்பின் வழியாக. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி. செய்வது ஒரே வேலை. ஆனால் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமோ (பி.எஸ்.சி.) தமிழகத்தின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமோ (எம்.ஆர்.பி.) ஆள் எடுக்கும்போது, அறிவிப்பில் போட்டிருக்கும் தகுதிக்கும் சான்றிதழில் இருப்பதற்கும் ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் வேலை பார்க்கப் போகிறோம் என்பதைச் சேரும் முன்பே ஓரளவு யோசித்துவிடுவது நல்லது. 2021இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் கார்டியோவாஸ்குலர் டெக்னாலஜிஸ்டும் உண்டு. பதிவு செய்தவர்தான் தொழில் செய்யலாம் என்கிறது அந்தச் சட்டம். மேலே சொன்ன பையனின் சான்றிதழ் அங்கே என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் கவலை.

பெண்பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்குகிறவர்கள் எக்ஸ்ரே கதிரைச் சொல்கிறார்கள். பயம் நியாயமானதுதான், கதையாகச் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்குப்படி, கதிரில் வேலை செய்பவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அளவு), எந்த ஒரு வருடத்திலும் 30க்கு மேல் போகக்கூடாது. கர்ப்பமென்று தெரிந்து சொல்லிவிட்டால் மீதி மாதங்களில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான் எல்லை. நெஞ்சில், கதிரைத் தடுக்கும் ஏப்ரனுக்கு உள்ளே குத்தும் டி.எல்.டி. என்கிற கதிர் அளவி பேட்ஜ்தான் இதற்குக் கணக்கு வைக்கிறது. அதை லாக்கரில் வைத்துவிட்டு வேலை செய்யச் சொல்லும் இடம் எதுவானாலும் உடனே கிளம்பிவிட வேண்டும். என்னைக் கேட்டால், உண்மையில் ஆளை வாட்டுவது ஏப்ரனின் பாரத்தில் வரும் முதுகுவலியும், நடுராத்திரி மாரடைப்புக் கேஸுக்கு வரும் போனும்தான். அதற்கு மனமில்லாதவர் எக்கோ பக்கம் போகலாம், தவறில்லை.

வெளிநாடு என்றால் எக்கோ கை தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இங்கே பெரும்பாலும் இதய மருத்துவர்தான் எக்கோ பார்க்கிறார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதற்கென்று பயின்றவர்களே ஸ்கேன் செய்கிறார்கள். அமெரிக்காவில் கேத் லேபுக்கும் எக்கோவுக்கும் சி.சி.ஐ. என்கிற சான்றளிப்பு அமைப்பு நடத்தும் தேர்வுகள் உண்டு. வளைகுடா நாடுகளில் சான்றிதழைச் சரிபார்க்க டேட்டாஃப்ளோ என்கிற நிறுவனம், பிறகு தேர்வு, பெரும்பாலும் அனுபவச் சான்றும் கேட்பார்கள். கல்லூரியிலிருந்து நேரே விமானம் ஏற்றிவிடுவதாகச் சொல்லும் ஏஜென்டிடம் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

பேஸ்மேக்கர், ஸ்டென்ட் கம்பெனிகளில் கிளினிக்கல் ஸ்பெஷலிஸ்ட் வேலையும் இருக்கிறது. பேஸ்மேக்கர் புரோகிராம் செய்வது, ஈ.பி. கேஸில் இதயத்தின் மின்பாதையை வரைபடமாக்கும் மேப்பிங் ஓட்டுவது. பெட்டி தூக்கும் வேலை என்று லேபில் கேலி பேசுவோம். சம்பளம் என்னவோ எங்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம்.

தமிழ் மீடியத்தில் படித்த நம் பிள்ளைகள் இங்கிலீஷுக்குப் பயப்பட வேண்டியதில்லை. லேபில் புழங்கும் சொற்கள் எல்லாருக்குமே புதிது, மலையாளம் மீடியத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அப்படித்தான். பாலக்காட்டிலிருந்து வரும் அம்மாவிடம் மலையாளத்திலும், பொள்ளாச்சி தாத்தாவிடம் தமிழிலும் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லத் தெரிந்தவர்களை எங்கள் பக்கத்து மருத்துவமனைகள் கைநழுவ விடுவதில்லை.

ஒரு வேண்டுகோள். எல்.பி.எஸ். அறிவிப்பும் தமிழக மருத்துவப் படிப்புச் சேர்க்கைக்கான தேர்வுக் குழுவின் அறிவிப்பும் வரும்போது இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுங்கள், கடைசித் தேதியோடும் பிறப்பிடச் சான்று விதியோடும். எங்கள் ஊரில் பாதிப்பேர் பார்க்கும் பத்திரிகையில் ஒன்று வருகிறது, மீதிப்பேர் பார்ப்பதில் மற்றது வருகிறது.

இப்படிக்கு,
ஒரு கேத் லேப் டெக்னாலஜிஸ்ட்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.