சிறுவர் பக்கத்துல மட்டியும் மடையனும் வரட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒருத்தர் எழுதியிருந்தார், சிறுவர் பக்கத்துல முட்டாள் கதையெல்லாம் எதுக்கு, பிள்ளைங்களுக்கு புத்தி சொல்ற கதையா பார்த்து போடுங்கன்னு. அவரோட அக்கறை எனக்கு புரியுது. நானும் பேரப்பிள்ளைங்கள வளர்க்குறவதான், சனிக்கிழமை ஆனா எங்க ஃப்ளாட் பிள்ளைங்கள கீழ ஹால்ல உக்கார வச்சு கதை சொல்றவதான். ஆனா அவர் சொன்னத என்னால ஏத்துக்க முடியல. அதுலயும் சொன்னத அப்படியே வார்த்தைக்கு வார்த்தை செஞ்சு மாட்டிக்கிறவங்க கதை இருக்கே, அத தயவு செஞ்சு நிறுத்திடாதீங்க, முடிஞ்சா இன்னும் அதிகமா போடுங்க.

நம்ம தமிழ்ல இந்த மாதிரி கதைன்னா மொதல்ல பரமார்த்த குரு. எழுதினது வீரமாமுனிவர், அதாவது 1710ல இத்தாலியில இருந்து வந்த பெஸ்கி பாதிரியார். தேம்பாவணி எழுதினவர், சதுரகராதி தொகுத்தவர், அவ்ளோ பெரிய படிப்பாளி உக்காந்து மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சீடனுங்கள வச்சு சிரிப்புக் கதை எழுதியிருக்கார்னா அத சாதாரணமா நெனைக்கக் கூடாது. அவர் 1747ல இறந்து ரொம்ப காலம் கழிச்சு, 1822ல லண்டன்ல இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட அச்சாச்சு.

அதுல தலைப்பாகை கதைய பாருங்க. குரு குதிரை மேல போறார், மரக்கிளை பட்டு தலைப்பாகை கீழ விழுந்துருது, சீடனுங்க எடுத்துட்டு வர்றாங்கன்னு நெனைச்சுக்கிட்டு அவர் பாட்டுக்கு போறார், கொஞ்ச தூரம் போயி எங்கடா தலைப்பாகைன்னு கேட்டா நீங்க எடுக்க சொல்லலையேங்கறாங்க. கோவத்துல குரு, இனிமே எது விழுந்தாலும் எடுக்கணும்னு சொல்லிடறார். உடனே ஒருத்தன் ஓடிப்போயி தலைப்பாகைய எடுக்கறான், வர்ற வழியில குதிரை சாணி போடுது, அதுவும் விழுந்ததுதானே, அத தலைப்பாகையிலயே புடிச்சு கொண்டாந்து குருகிட்ட நீட்டறான். இந்த இடத்துல எங்க ஹால்ல ஒருத்தரும் உக்காந்திருக்க மாட்டாங்க, எல்லாம் தரையில உருண்டு சிரிக்கும்.

அப்புறம்தான் கதை சூடு பிடிக்குது. எத எடுக்கணும், எத எடுக்கக் கூடாதுன்னு எழுதியே குடுத்துடுங்கன்னு சீடனுங்க கேக்கறாங்க, குருவும் ஓலையில லிஸ்ட்டு போட்டுத் தர்றார். அடுத்து குதிரை இடறி குருவே குழியில விழுந்துடறார். சீடனுங்க பதறாம ஓலைய எடுத்து படிச்சு, தலைப்பாகை இருக்கு எடு, வேட்டி இருக்கு எடுன்னு ஒவ்வொண்ணா கழட்டி எடுத்துக்கறாங்க. குரு வெறும் உடம்போட கெடந்து கத்தறார், என்னை தூக்குங்கடான்னு. ஓலையில உங்கள எழுதலையே ஐயான்னு பதில் வருது. கடைசில அந்த நெலமையில ஓலைய வாங்கி, நான் விழுந்தா என்னையும் எடுக்கணும்னு அவரே எழுதினதுக்கு அப்புறம்தான் தூக்கறாங்க.

இதுல யார் முட்டாள்னு ஆறு வயசு பிள்ளைய கேட்டா சீடனுங்கன்னு சொல்லும். ஒம்பது வயசு பிள்ளைய கேட்டு பாருங்க, கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, குரு ஏன் பாட்டி ‘எது விழுந்தாலும்’னு சொன்னார், சரியா சொல்லியிருக்கலாம்லன்னு திருப்பி கேக்கும். அந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தக் கதைய சொல்றதே. நம்ம பிள்ளைங்க காலையில எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் யாராவது சொல்றத கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க, பள்ளில டீச்சர், வீட்ல நாம, சாயந்திரம் டியூஷன். இந்தக் கதைல மட்டும்தான் பிள்ளைக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியுது, குருவுக்கும் தெரியல, சீடனுக்கும் தெரியல. ஐயையோ சாணிய எடுக்கப் போறான்னு அதுதான் மொதல்ல கத்தும். எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்குற பிள்ளை, உத்தரவு போடறவங்க எங்க கோட்டை விட்டாங்கன்னு எடைபோட்டு பார்க்குது, அதுவும் சிரிச்சுக்கிட்டே, யாருக்கும் மரியாதை குறையாம. புத்தி வளர இத விட என்ன வேணும்னு எனக்கு தெரியல.

இது நமக்கு மட்டும் சொந்தமான சரக்கும் இல்ல. மலாய்க்காரங்ககிட்ட பாக் பாண்டிர் இருக்கார், அவர் சம்சாரம் மாக் அண்டே, விருந்துக்கு தாடி வச்ச லெபாய, அதாவது மதப் பெரியவர கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பினா மனுஷன் தாடி இருக்குன்னு ஆட்டுக்கிடாவ இழுத்துட்டு வருவார். நான் இத சொன்னா மலாய் கிளாஸ்ல ஏற்கனவே கேட்ட பிள்ளைங்க மிச்சத்த மலாய்லயே சொல்லி முடிச்சுடும். இங்கிலீஷ்ல 1890ல ஜோசப் ஜேக்கப்ஸ் தொகுத்ததுல சோம்பேறி ஜாக் கதை வருது. கூலியா கெடச்ச காச தொலைச்சுட்டு வந்தவன்கிட்ட பாக்கெட்ல போட்டிருக்கலாம்லன்னு அம்மா சொல்ல, மறுநாள் கூலியா கெடச்ச பால பாக்கெட்ல ஊத்திக்கறான். தலையில வச்சு கொண்டாந்திருக்கணும்னா அடுத்த நாள் சீஸ் தலையில உருகி வழியுது. இப்படியே போயி கடைசில ஒரு கழுதைய தோள்ல தூக்கிட்டு நடக்கறான், அத பார்த்து பொறந்ததுல இருந்தே சிரிக்காத பணக்காரன் பொண்ணு சிரிச்சுடறா. அம்மா சொன்ன ஒவ்வொண்ணும் நேத்தைக்கு சரி, இன்னைக்கு தப்பு. எந்த ஊர் பிள்ளைக்கு சொன்னாலும் இது புரியும், ஏன்னா எல்லா வீட்லயும் திட்டு ஒரு நாள் லேட்டாத்தான் வருது.

ஒரு விஷயத்துல மட்டும் அந்த வாசகர் பக்கம் நான் நிக்கறேன். கிளாஸ்ல கொஞ்சம் மெதுவா இருக்குற பிள்ளைய மத்தவங்க மட்டி, மடையன்னு கூப்பிட இந்தக் கதை சாக்கா ஆகக் கூடாது. ஆட்டிசம் இருக்குற பிள்ளைங்கள்ல சிலருக்கு சொன்ன வார்த்தை அப்படியேதான் மனசுல போயி உக்காரும், அது அவங்க தப்பே இல்ல, அந்த மாதிரி பிள்ளை நடுவுல உக்காந்திருக்கும்போது ரொம்ப பார்த்து சொல்லணும். நான் சீடனுங்க பேர மொதல்ல ஒரு தடவை சொல்லிட்டு அப்புறம் பெரிய சீடன், சின்ன சீடன்னு மாத்திக்குவேன். பாக் பாண்டிர் கதைலயும் குழந்தைய கொதிக்கிற தண்ணில குளிப்பாட்டற பகுதி ஒண்ணு இருக்கு, அத பிள்ளைங்களுக்கு சொல்லவே மாட்டேன். தப்பு பண்ணவங்கள கதை கைவிடக் கூடாதுங்கறது என்னோட கணக்கு. 1963ல அமெரிக்காவுல பெக்கி பாரிஷ் எழுதின அமிலியா பெடிலியா புத்தகத்துல அந்த வேலைக்காரம்மா மொதலாளியம்மா எழுதி வச்சத அப்படியே செஞ்சு வீட்டையே தலைகீழாக்கிடுது, ஆனா அது சுட்ட எலுமிச்சை பை அவ்ளோ ருசியா இருக்குன்னு வேலையில வச்சுக்கறாங்க. அந்த மாதிரி முடிவுதான் பிள்ளைங்களுக்கு வேணும்.

ஆனா கதைக்கு அடியில ‘நீதி’ன்னு கட்டம் கட்டி ஒரு வரி போடறீங்களே, அத மட்டும் எடுத்துடுங்க ஐயா, கையெடுத்து கேக்கறேன். நம்ம மலேசியாவுல ஆறாம் ஆண்டு பிள்ளைங்க எழுதின யூபிஎஸ்ஆர் சோதனையவே 2021ல எடுத்தாச்சு, நம்ம மட்டும் கதை படிச்ச பிள்ளைகிட்ட இதுல இருந்து நீ கத்துக்கிட்டது என்னன்னு இன்னும் பரீட்சை வச்சுக்கிட்டு இருக்கோம். உத்தரவ அப்படியே கேட்டா என்ன ஆகும்னு இப்பதான் வயிறு குலுங்க சிரிச்சிருக்கு அந்தப் பிள்ளை, அதுகிட்ட உடனே இன்னொரு உத்தரவா?

நீதிக்கு பதிலா அந்த இடத்த பிள்ளைங்களுக்கே குடுங்க. எங்க ஹால்ல கதை முடிஞ்சதும் நீங்க ஒண்ணு சொல்லுங்கன்னு விட்டா எங்கிருந்துதான் வருமோ தெரியல. ஒரு பொண்ணு சொன்னா, தண்ணி கொதிச்சதும் மைலோவ போடுன்னு அம்மா சொன்னாங்களாம், அண்ணன் டின்னோட தூக்கி போட்டானாம். இன்னொரு பையன் அதுக்கும் மேல. குக்கர் மூணு விசில் அடிச்சதும் அடுப்ப அமத்துடான்னு சொல்லிட்டு அம்மா துணி காயப்போட போயிட்டாங்க, மகன் டிவியில பந்து விளையாட்டு பார்த்துக்கிட்டு இருக்கான், ரெஃப்ரி மூணு விசில் அடிச்சார், ஓடிப்போயி அமத்திட்டான், ராத்திரி வீட்ல எல்லாருக்கும் அரிசியா இருக்குற சோறு. இத யாரும் அவனுக்கு சொல்லித் தரல. எங்க சொல் ரெண்டு பக்கம் போகும்னு அவனே தேடி கண்டுபிடிச்சிருக்கான், அதுவும் தமிழ்ல. தமிழ்ல கட்டுரை எழுதுன்னா பேனாவ கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற பையன் அவன்.

அதனால என் வேண்டுகோள் இதுதான். ஞாயிறு சிறுவர் பக்கத்துல மாசத்துக்கு ஒண்ணாவது இந்த மாதிரி கதை போடுங்க, பேச்சுத் தமிழ்லயே இருக்கட்டும், எழுத்து கொஞ்சம் பெருசா இருந்தா சின்னப் பிள்ளைங்க வாய்விட்டு படிக்க வசதி. பிள்ளைங்க எழுதி அனுப்பறத பெரியவங்க திருத்தி அழகாக்காம, எழுத்துப்பிழைய மட்டும் பார்த்துட்டு போடுங்க. நீங்க சம்மதிச்சா எங்க பிள்ளைங்க சொன்னத எழுத வச்சு, பெத்தவங்ககிட்ட கேட்டுட்டு மொத கட்டா நானே அனுப்பி வைக்கறேன்.

இப்படிக்கு,
கதை சொல்லும் ஒரு பாட்டி,
பட்டர்வொர்த், பினாங்கு