சவுக்கு, தைலமரம் பயிரிடுவோர் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கடலூர், விழுப்புரம் கடலோர ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள், புதிய உறுப்பினர் சேர்க்கை, கன்று வாங்கிப் பிரித்துக் கொடுத்த விவரம் எல்லாம் உங்கள் கையில் உள்ள தாளில் இருக்கின்றன. அவற்றை மறுபடி இங்கே படித்து நேரத்தைக் கடத்த வேண்டாம். இந்த ஆண்டு நாம் மெனக்கெட்டுச் செய்த வேலை ஒன்று உண்டு. அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "முதல் வெட்டுல வந்த கழி மூணாவது வெட்டுல வரலையே, ஏன்?" என்று கேட்டார். கன்று மாறவில்லை, இடைவெளி மாறவில்லை, மழையும் சுமாராகப் பெய்திருக்கிறது. சபையில் பலர் தலையாட்டினார்கள். அந்தக் கேள்வியை அப்படியே தீர்மானமாக எழுதி, தேடிப் பார்க்க ஒரு குழு போட்டோம்.

தேடியபோது தெரிந்தது, இந்தக் கேள்வியை உலகம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான நிலத்தில் ரேடியேட்டா பைன் மரம், வெட்டி மறுபடி நட்ட இரண்டாம் சுற்றில் குன்றிப்போனதை, கீவ்ஸ் என்பவர் 1966இல் ஆதாரத்தோடு எழுதினார். மண்ணே செத்துவிட்டது என்று அப்போது பலர் பயந்தார்கள். வெட்டுக்கழிவைக் கொளுத்துவதை நிறுத்தி, களையைக் கட்டுப்படுத்தி, சத்தைக் காப்பாற்றியதும் அதே மண்ணில் விளைச்சல் மீண்டது. அந்த அனுபவம் வெப்பமண்டலத் தோப்புகளுக்கும் பொருந்துமா என்று பார்க்கத்தான், இந்தோனேசியாவின் போகோரில் உள்ள பன்னாட்டு வனவியல் ஆய்வு மையமான சிஃபோர் 1995இல் ஒரு கூட்டாய்வைத் தொடங்கியது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் விஞ்ஞானி சதானந்தன் நம்பியார் அதற்கு முன்னின்று வழிகாட்டினார். பிரேசில், காங்கோ, தென்னாப்பிரிக்கா, சீனா, வியட்நாம், இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாடுகள் சேர்ந்தன. ஒவ்வொரு நாட்டிலும் அரசு நிறுவனம், பல்கலைக்கழகம், தோட்ட நிறுவனம் என்று யார் யாரிடம் நிலமும் ஆளும் இருந்ததோ அவர்கள் பங்கெடுத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பாத்தி பிரித்ததுதான். ஒரு பாத்தியில் மரம், கிளை, இலை, தரையில் கிடந்த சருகு எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் விற்பனைக்கான தண்டு மட்டும் வெளியே போகும், மற்றதெல்லாம் அங்கேயே கிடக்கும். மூன்றாவதில் வேறு இடத்துக் கழிவையும் கொண்டுவந்து இரட்டிப்பாகப் பரப்ப வேண்டும். பிறகு அடுத்த பயிரை நட்டு, அந்தச் சுற்று முடியும்வரை அளக்க வேண்டும். ஒரே முறையில் செய்ததால்தான் காங்கோ மண்ணின் பதிலையும் இந்தோனேசியாவின் சுமத்ரா மண்ணின் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

நம் பக்கத்து மாநிலத்திலேயே இந்த ஆய்வு நடந்திருக்கிறது. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் புன்னலா, காயம்பூவம், சூரியநெல்லி, வட்டவடை ஆகிய நான்கு இடங்களில் தைலமரத்தில் செய்தது. கூட்டாய்வில் சேர்ந்த நாட்டினர் 1999 டிசம்பரில் கேரளத்திலேயே கூடிப் பேசியிருக்கிறார்கள். அங்கே களையெடுப்பு நன்றாகவே கைகொடுத்தது.

காங்கோ பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாயின்ட் நுவார் துறைமுகத்தை ஒட்டிய தைலமரத் தோப்புகள் கடலோர மணலில் நிற்பவை, சத்து மிகக் குறைந்த மண். கிட்டத்தட்ட நம் கொல்லை மாதிரிதான். அங்கே நடும்போது நிலத்தில் எவ்வளவு கழிவு கிடந்ததோ, அதை வைத்தே மரம் எவ்வளவு வளரும் என்று கணித்துவிடலாம் என்கிற அளவுக்கு இரண்டும் ஒத்துப்போயின. வழித்தெடுத்த பாத்தி பின்தங்கியது. வளமான மண் உள்ள சில இடங்களில் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. சுமத்ராவின் தென்பகுதியில் கழிவை விட்டுவைத்து நட்ட மாஞ்சியம் அக்கேசியா மரம், முதல் சுற்றைவிட இரண்டாம் சுற்றில் நன்றாகவே வந்தது. ஆக, மறுசுற்றில் விளைச்சல் குறைவது விதி இல்லை. மண் ஏழையாக இருந்தால் வழித்தெடுப்பதன் விலை அதிகம், அவ்வளவுதான்.

காரணமும் எளிது. கழியின் எடையில் பெரும்பங்கு மரம் காற்றிலிருந்து எடுத்த கரிமம் (கார்பன்). தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்பும் செறிவாக இருப்பது ஊசி போன்ற இலையிலும், மிலாறு என்கிற சிறு கிளையிலும், பட்டையிலும். நாமோ கழியை ஆலைக்கும், மிலாறைச் சூளைக்கும், வேர்க்கட்டையை விறகுக்கும் அனுப்பிவிட்டு, மிஞ்சிய சருகுக்குத் தீ வைக்கிறோம். தீயில் தழைச்சத்து புகையாகப் போகிறது. சாம்பலில் தங்கியதை ஐப்பசி மழை மணலுக்குள் இறக்கிவிடுகிறது. காங்கோவில் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள். நாம் மூன்று, நான்கு ஆண்டிலேயே வெட்டுகிறோம்.

"சவுக்குதான் வேர் முடிச்சில் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்கிறதே" என்று ஒரு கூட்டத்தில் கேள்வி வந்தது. உண்மைதான், ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் காற்றில் இல்லை. அவை போனால் போனதுதான்.

சரி, படித்ததோடு நிற்காமல் நம் கொல்லைகளிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். வெட்டு முடித்த உறுப்பினர்களில் விருப்பமுள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நிலத்தை மூன்று பாத்தியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே நாற்றங்கால் கன்று, ஒரே இடைவெளி. முதல் பாத்தியில் வழித்தெடுத்த மிலாறையும் சருகையும் மூன்றாவதில் பரப்பினோம். நடவு முடிந்த கொஞ்ச நாளில், நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியது. மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது, தென்பெண்ணை கரை மீறியது. தாழ்வான கொல்லைகளில் பரப்பிய கழிவு மிதந்து பாத்தி விட்டுப் பாத்தி கலந்துவிட்டது. அந்த இடங்களை ஆய்விலிருந்து நீக்கிவிட்டோம். அந்த உறுப்பினர்கள் சோர்ந்துபோகாமல் அடுத்த வெட்டில் மறுபடி தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

மேட்டுக் கொல்லைகளில் பாத்திகள் நன்றாக இருக்கின்றன. கழிவு கிடக்கும் பாத்தியில் கோடையில் மேல்மண் ஈரம் கூடுதல் நாள் நின்றது, களையும் குறைவாக வந்தது. கரையான் வருமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. அதையும் குறித்து வருகிறோம். கழி விளைச்சலைப் பற்றி இப்போது எதையும் சொல்வதற்கில்லை, வெட்டும் நாளில் எடை போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மண்ணைவிட மனிதர்களிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. நம்மில் பலர் தோப்பை மொத்தமாகப் பேசி வியாபாரியிடம் விடுகிறோம். மிலாறும் வேரும் அந்த விலைக்குள்ளேயே போய்விடுகின்றன. சில ஊர்களில் அது வெட்டுக்கூலியோடு சேர்ந்தது. சருகு அரித்து அடுப்பெரிக்கும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "எங்க அடுப்புல கை வைக்காதீங்க" என்று ஒரு அம்மா நேராகவே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கைநிறைய நிலம் உள்ளவர்கள் மண்வளத்தின் பெயரால் நிலமில்லாதவர்களின் விறகைப் பறிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செயற்குழுவும் அதை ஏற்றது. அதனால் ஊசிச் சருகும் நுனி மிலாறும் நிலத்துக்கு, பருத்த மிலாறு கேட்பவர்களுக்கு என்று பேசி, சில ஊர்களில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் பேச்சு நடக்கிறது.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைலமரம் நீரை உறிஞ்சுகிறது என்ற புகாரை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. தென்னாப்பிரிக்கா பல ஆண்டுகள் நீர்ப்பிடிப்புப் பகுதிகளை அளந்து பார்த்துவிட்டு, 1998 நீர்ச் சட்டத்தில் வணிக மரத்தோட்டத்தை ஓடைநீரைக் குறைக்கும் செயலாகவே வகைப்படுத்தியது. ஏரி, ஓடை ஓரத்தில் தைலமரம் நடுவதில்லை என்று நாமே முடிவெடுப்பது நல்லது. அப்புறம், கொல்லை முழுக்க ஒரே குளோனை, அதாவது ஒரே தாய்மரத்திலிருந்து பெருக்கிய கன்றை, நடும் பழக்கம். 2001 வாக்கில் இந்தியாவுக்குள் வந்த, இலையிலும் தளிரிலும் கழலையை உண்டாக்கும் கழலைக் குளவி தைலமர நாற்றங்கால்களை என்ன செய்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். சுமத்ராவில் அவ்வளவு நன்றாக வந்த மாஞ்சியம் அக்கேசியாவையே செரட்டோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையின் வாடல் நோய் சாய்த்து, வேறு மரத்துக்கு மாற வைத்துவிட்டது. கன்று வாங்கும்போது குறைந்தது இரண்டு, மூன்று குளோன்களைக் கேட்டு வாங்குங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. வெட்டிய நிலத்தில் தீ வைப்பதில்லை. தோப்பு விற்பனை ஒப்பந்தத்தில் சருகையும் நுனி மிலாறையும் நிலத்திலேயே விட வேண்டும் என்ற வரியைச் சேர்ப்பது. பாத்தி அளவீடுகளை ஒரே நோட்டில் எழுதி, கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்துக்கும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்கும் அனுப்பி ஆலோசனை கேட்பது. தைப்பொங்கலுக்குப் பிறகு மரச்சுற்றளவு எடுக்க வேண்டும். நாடாவும் ஆளும் தேவை, பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இந்த அறிக்கையையும் தீர்மானங்களையும் விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்