மாத்திரையை முதலில் கொடுத்த சிஸ்டருக்கு

பாம்பன், தங்கச்சிமடம் உறவுகளுக்கும், மதுரையில் எனக்காக மெனக்கெட்டவர்களுக்கும் வணக்கம்.

நான் போதையில் விழுந்ததும், அதிலிருந்து மீள மாத்திரை போட்டு வருவதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுதவில்லை. மருந்து ஆய்வில் என் பங்கு நேற்று முடிந்தது. கடைசியாக ரத்தம் எடுத்த இடத்துப் பஞ்சைக்கூட இன்னும் பிய்த்துப் போடவில்லை.

முதல் நன்றி அந்த சிஸ்டருக்கு. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்க என்னைக் கூப்பிட்ட அன்று, கையிலிருந்த மாத்திரை தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. மூக்கு ஒழுக, கொட்டாவி மேல் கொட்டாவியாக, கால் குடைச்சலோடு போய் உட்கார்ந்தேன். மேசையில் சம்மதப் படிவம். அப்போதிருந்த நிலைக்கு எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

"முதல்ல உன் மாத்திரையப் போடு தம்பி. மத்த பேச்செல்லாம் அப்புறம்."

பியூப்ரினார்பின் என்கிற அந்த மாத்திரை நாக்குக்கு அடியில் தானாகக் கரையணும். விழுங்கினால் வீண், பேசவும் கூடாது. கரைகிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அதோடு விடவில்லை, டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வா என்று அனுப்பினார். திரும்பி வந்ததும் சொன்னது இதுதான்: "சேர மாட்டேன்னு சொன்னாலும் உனக்கு மாத்திரை நிக்காது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

மருந்துக்காக நாம் எதிர்பார்த்து நிற்கிற அதே கை ஒரு தாளையும் நீட்டினால், மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? இந்த மாதிரி மருந்து ஆய்வுகளுக்கு 2019-இல் வந்த விதிகள் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், கையெழுத்திட்ட படிவத்தின் நகல் நம்மிடம் தரணும், ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் வைத்தியம் இலவசம். எல்லாம் தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். நடுங்குகிறவனுக்கு முதலில் மாத்திரையைக் கொடு என்று மட்டும் அதில் எங்கும் இல்லை. அது அவராகச் செய்தது.

படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அக்காவும் மச்சானும் கூட உட்கார்ந்து படித்தார்கள். அடுத்த வாரம்தான் கையெழுத்துப் போட்டேன்.

"உன்ன எலியாக்கப் போறானுவ" என்ற பெரியப்பாவுக்கும் நன்றி. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் படிவத்தை இன்னொரு தடவை படித்தேன். முதல் சில மாதப் பரிசோதனைகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. அதன்பின், படகு கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு கிடைக்கிற டோக்கன் நாளில் மதுரை போக வேண்டி வந்தபோதெல்லாம் எனக்குப் பதில் ஆள் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போன படகு முதலாளி, விடியக்காலை வண்டிக்கு என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்ட ஐஸ் வண்டித் தம்பி, காரணம் கேட்காமல் கடன் சொல்ல விட்ட டீக்கடை அண்ணன், ஜெபத்தில் என் பேரைச் சொல்லாமல் எனக்காக வேண்டிக்கொண்ட ஃபாதர், வீட்டில் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட என் வீட்டுக்காரி: எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு.

ஆய்வுதான் முடிந்தது, மாத்திரை முடியவில்லை. டாக்டர் சொல்கிறவரை போடுவேன். ஒரு போதையை விட்டு இன்னொன்றா என்று கேட்பவர்களிடம் வாதாட எனக்கு நேரமில்லை, வலை முடிகிற வேலை கிடக்கிறது.

கடல் தொழிலுக்குப் போகிற பிள்ளைகள் யாருக்காவது இப்படி ஒரு படிவம் வந்தால் தனியாகப் போகாதீர்கள். டோக்கன் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், மதுரை வண்டிக்கு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
பாம்பன் தெற்குவாடியிலிருந்து ஒரு கடல் தொழிலாளி