விதை அனுப்பவும் பெர்மிட்

ஐயா,

நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்கு முள்ளுக்கத்தரி விதை அனுப்பப் போனால், அஞ்சலகத்தில் பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு பிடி விதைக்கா!

அப்புறம் மகள் விசாரித்தாள். தனித் தடை இல்லாத விதை என்றால், விதையைப் பெறுகிறவர் அமெரிக்க வேளாண் துறையிடம் சிறு பொட்டலங்களுக்கான பெர்மிட் முன்பே வாங்கிவிட்டால் போதுமாம், சான்றிதழ் வேண்டாம். பொட்டலத்துக்கு 50 விதை அல்லது 10 கிராம்தான். தாவரவியல் பெயரும் விளைந்த நாடும் எழுத வேண்டும். மண் ஒட்டியிருக்கக் கூடாது. அந்தத் துறை தரும் லேபிளை ஒட்டினால் முதலில் ஆய்வு நிலையத்துக்குத்தான் போகும். பூச்சி, நோய் பரவும் என்ற பயம், நியாயம்தான்.

சரி, இதை அஞ்சலகங்களில் தமிழில் எழுதி ஒட்டினால் என்ன?

ஓய்வுபெற்ற ஆசிரியை, சின்னமனூர்