பெருந்துறை ஸ்டீம் லைன்

அன்புள்ள செல்வம்,

கடிதமும் வரைபடமும் சேர்ந்தே வந்தன. மகன் சாயப்பட்டறைக்கே வந்துவிட்டான் என்றது சந்தோஷம். பெருந்துறை ஷெட்டுக்குப் போகும் ஸ்டீம் லைனில்தான் எனக்குச் சம்மதமில்லை.

அழுத்தத்தைக் குறைக்கும் வால்வான பிஆர்வியை பாய்லர் பக்கத்திலேயே வைத்து, 7 பார் அழுத்தத்தை 3 பாராக்கி, 60 மீட்டரும் 80 எம்எம் குழாயில் கொண்டுபோகச் சொல்கிறார் உன் கான்ட்ராக்டர். 3 பாரில் ஒரு கிலோ நீராவி 0.46 கனமீட்டர் இடம் பிடிக்கும். 7 பாரில் 0.24 போதும். உனக்கு மணிக்கு 2,000 கிலோ வேண்டும். அவர் கணக்கில் வேகம் நொடிக்கு 54 மீட்டர் வந்து நிற்கிறது. 25-ஐ ஒட்டி வைப்பதுதான் நல்லது. 7 பாரிலேயே கொண்டுபோனால் அதே 80-இல் 28, 100-இல் 16. நூறையே போடு, நாளைக்கு இன்னொரு மெஷின் வந்தாலும் தாங்கும். ‘எதற்கும் 150 போட்டுவிடலாம்’ என்பார், கேட்காதே. வெளிப்பரப்பு ஒன்றரை மடங்காகும், அத்தனையும் சூடு வீண். பிஆர்வி ஷெட்டுக்குள் இருக்கட்டும். முன்னால் ஈரத்தைப் பிரிக்கும் செப்பரேட்டரும் தூசியை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரும், பின்னால் சேஃப்டி வால்வும் 125 எம்எம் குழாயும்.

அடுத்தது தண்ணீர். காலையில் ஆறிக்கிடக்கும் இந்தக் குழாய் சூடேறுவதற்குள்ளேயே நீராவி குளிர்ந்து 30 கிலோவுக்கு மேல் தண்ணீராக, அதாவது கண்டன்சேட்டாக, விழும். அது வழியில் தேங்கினால், நீராவி அதை அள்ளிக்கொண்டுபோய் எல்போ வளைவில் அறையும். ஷெட்டே அதிரும், கேஸ்கெட் பிய்யும். அதனால் நீராவி போகும் திசையிலேயே 100-க்கு 1 வாட்டம் கொடு. 30 மீட்டருக்கு ஒன்று, தண்ணீர் இறங்கிச் சேர டிரெயின் பாக்கெட், அதுவும் 100 எம்எம் ‘T’ வடிவ இணைப்பாகவே. அரை இஞ்ச் குழாயை அடியில் ஒட்டவைத்தால் தண்ணீர் அதைத் தாண்டி ஓடிவிடும். குழாய் அளவு மாறும் இடத்தில் போடும் ரெடியூசர், ஒரு பக்கம் தட்டையான எக்சென்ட்ரிக் வகை, தட்டைப் பக்கம் கீழே. கிளை லைன் எல்லாம் மேலிருந்து. ஸ்ட்ரெய்னரின் கூடை பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். கீழே தொங்கினால் அதுவே ஒரு குட்டை.

சூட்டில் குழாய் நீள இடம்கொடுக்கும் லூப்பே வரைபடத்தில் காணோம்! 30 டிகிரியிலிருந்து 170-க்கு ஏறும்போது 60 மீட்டர் குழாய் 10 சென்டிமீட்டர் நீளும். நடுவில் ஒரு லூப், படுக்கைவாட்டில். நிமிர்த்தி வைத்தால் ஏறும் காலடியில் இன்னொரு டிரெயின் பாக்கெட் கேட்கும்.

பாய்லர் விதிகளின்படியான ஐபிஆர் ஒப்புதல் வருவதற்கு முன் வெல்டரைக் கூப்பிடாதே. திருத்திய வரைபடத்தை எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
மூர்த்தி