அஞ்சடி இல்லாத கோபுரம்

நகராண்மைக் கழகத் தலைவருக்கும் திட்டப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பழைய ரப்பர் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த நிலத்தில் 30 மாடிக் குடியிருப்பு வரப்போகிறதாம். விளம்பரப் பலகையில் பார்த்தேன். உயரம் எனக்குப் பிரச்சினை இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். படத்தின் அடிப்பாகம்தான் உறுத்துகிறது. முதல் 6 மாடியும் கார் நிறுத்துமிடம், பூங்காவும் நீச்சல் குளமும் அதற்கு மேலே. தெருவில் போகிறவருக்கு மிஞ்சுவது சிமெண்டுச் சுவரும் காவலர் கூண்டும்.

நான் 11ஆவது மாடியில் குடியிருப்பவன். பக்கத்து வீட்டுப் பாட்டி தவறியபோது சவப்பெட்டி மின்தூக்கிக்குள் நுழையவில்லை. நிமிர்த்திப் பிடிக்க யாருக்கும் மனம் வரவில்லை, படிக்கட்டிலேயே இறக்கினோம். கூடாரம் போட இடமில்லாமல் கார் நிற்கும் இடத்தை மறித்தோம். தேவாரம் பாடும்போதே ஒருவர் ஹாரன் அடித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அது கார் நிற்கிற இடம். லயத்தில் சாவு விழுந்தால் வாசலே பந்தல். (ஒழுகிய கூரையும் வாளிக் கக்கூசும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் காலத்தை நான் திரும்பக் கேட்கவில்லை.)

சிங்கப்பூரில் அரசு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகள் பலவற்றில் கீழ்த்தளத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். மலாய்க்காரர் கல்யாணமும் சீனர் இழவும் அதே தரையில் நடக்கின்றன. அங்கே 2009இல் கட்டி முடித்த டக்ஸ்டன் பினக்கிள் என்ற வீவக குடியிருப்பில் ஏழு 50 மாடிக் கட்டடங்களையும் 26ஆவது மாடியிலும் உச்சியிலும் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். நமக்குப் பாலமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தரை.

நம் பட்டணத்து அஞ்சடியை, கடை வாசல்களை ஒட்டிப் போகும் ஐந்தடி நடைபாதையைப் பாருங்கள். 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில், கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை விடச் சொன்னார். பிறகு மலாயாப் பட்டணங்களிலும் அந்த வழக்கம் வந்தது. மேலே வீடு, கீழே கடை, கடை வாசலில் ஊரே நடக்கும். நம் அஞ்சடியில் பூ கட்டுகிற அக்கா இருக்கிறார், நாளிதழ் விற்கிறவர் இருக்கிறார், மழைக்கு ஒதுங்குகிறவர்களும் உண்டு. அங்கே நிற்க யாரும் அனுமதி கேட்பதில்லை.

அனுமதி கொடுக்குமுன் மூன்று மாற்றம் கேளுங்கள். சாலையைப் பார்த்த பக்கம் சின்னக் கடைகளோடு ஓர் அஞ்சடி, பேருந்து நிறுத்தம்வரை. கார்கள் பின்பக்கம் போகட்டும். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கீழே திறந்த தளம். அப்புறம், சவப்பெட்டி படுத்தபடி போகிற மின்தூக்கி ஒன்றாவது.

நீளம் எவ்வளவு என்று சந்தேகம் வந்தால் கேளுங்கள். அன்றைக்கே அளந்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
11ஆவது மாடிக்காரன்